சூப்பர்சார்ஜரும் பங்குனி உளுந்தும்

பிள்ளைகளா, அந்தக் கார்க் கதையை நீங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பெரியவள் சொல்லும்போது கார் பறக்கிறது. நடுவன் சொல்லும்போது பெரியப்பா கட்டையை எடுத்துக்கொண்டு அதைத் துரத்துகிறார். கடைக்குட்டி அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்து போனதாக அவன்தான் அதிகம் சொல்கிறான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் பென்சிலால் திருத்துங்கள், பேனா வேண்டாம்.

அப்போது நம் பட்டறை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், ரைஸ் மில்லுக்கு அடுத்த தகரக் கொட்டகையில் இருந்தது. டிராக்டர், பம்புசெட், மினி லாரி, எது வந்தாலும் பார்ப்பேன். மார்கழி மாதம் ஒருநாள் காலையில் சின்னதாக ஒரு பெட்ரோல் கார் வந்து நின்றது. இறங்கினவர் பெரிய வீட்டு இளையவர். உங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்த வீடு அது. பிற்பாடு அவர்கள் நிலத்தில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, தாத்தா குத்தகைக்கு எடுத்துச் செய்தார். தாத்தாவுக்குப் பிறகு உங்கள் பெரியப்பா செய்தார்.

அந்த வருஷம்தான் இளையவரின் அப்பா நிலத்தைத் திருப்பிக் கேட்டு கேஸ் போட்டிருந்தார். மனைக்கட்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. "குத்தகைப் பதிவு எங்கப்பா பேர்ல இருக்கு, நான் வரப்ப வுட்டு எறங்க மாட்டேன்" என்று பெரியப்பா நின்றார். ஆட்சி மாறும்போதெல்லாம் வேறு வேறு கரை வேட்டி கட்டினவர்கள் வீட்டுக்கு வந்து, "உழுறவன யாராலயும் அசைக்க முடியாதுண்ணே" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தேதிக்குத் தேதி கோர்ட்டுக்குப் பஸ் ஏறினது பெரியப்பா மட்டும்தான்.

இளையவர் பெங்களூரில் இன்ஜினியர். ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலையில் சேர்வதற்கு நடுவே மூன்று மாதம் ஊரில் இருக்க வந்திருந்தார். காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு சாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அலுமினியத்தில் கனமான ஒரு சாமான். ஓட்டை வழியாகப் பார்த்தால் இரண்டு உருளைகள், ஒன்றின் வளைவுக்குள் ஒன்று புகுந்து சுற்றின. ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை.

"அண்ணே, இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்."

"கரும்பு ஜூஸ் மிஷின ஒடச்சு எடுத்த மாதிரி இருக்கு."

அவர் சிரித்துச் சிரித்து சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சூப்பர்சார்ஜர்ண்ணே. ஜப்பான் வண்டியில உள்ளது. மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில புடிச்சேன். இத என் வண்டியில மாட்டணும். நீங்கதான் மாட்டித் தரணும்."

நான் யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கேஸ் நடப்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வீட்டில் யாரும் நம் குடும்பத்து ஆளை அண்ணே என்று அதுவரை கூப்பிட்டதில்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நிஜத்தைச் சொன்னால், அந்த உருளைகளை ஒருதடவை கையால் சுற்றிப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சாதாரண இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும். எவ்வளவு காற்று இழுக்கிறதோ அதற்குத் தகுந்த பெட்ரோல்தான் எரியும். சூப்பர்சார்ஜர் இன்ஜினுடைய பெல்ட்டிலேயே சுற்றி, இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், இழுவை கூடும். ஆனால் திணித்த காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை நீங்களே தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூடு இன்ஜினுக்கு ஆகாது. பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, உள்ளே கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம் வரும். நாக்கிங் என்போம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். அதற்காக நடுவில் ரேடியேட்டர் மாதிரி ஒரு அலுமினியப் பெட்டி வைக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும், இதில் காற்று ஓடும். வண்டி போகும்போது எதிர்க்காற்று அதன் மெல்லிய தகடுகளுக்குள் புகுந்து ஆற்றும். அதுதான் இன்டர்கூலர்.

வேலை ஆரம்பித்த நாலாம் நாள் உங்கள் பெரியப்பா வந்தார். அவருடைய மொபெட் கிளட்ச் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. நான் காரின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுக் கீழே படுத்திருந்தேன்.

"யாரு வண்டிடா?"

"பெரிய வீட்டு இளையவருது."

"எந்தப் பெரிய வீடு?" தெரிந்துகொண்டே கேட்டார்.

"கேஸ் அவங்க அப்பா போட்டதுண்ணே. இவரு அதுல இல்ல. இவருக்கு காரு மட்டுந்தான்."

"நெலம் அப்பாவோடது. அதுல வெளஞ்ச சோத்த தின்னது யாரு?"

அந்த நேரம் பார்த்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்து இளையவரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்கண்ணே, டீ சொல்லட்டுமா?"

"இல்ல தம்பி, இப்பத்தான் குடிச்சேன்" என்றார் பெரியப்பா, சாந்தமாக. தாத்தா இருந்திருந்தால் சின்னய்யா என்று கையைக் கட்டியிருப்பார். பெரியப்பா தம்பி என்றுதான் சொல்வார், ஆனால் மரியாதை குறையாது. "வர்ற வியாழக்கெழம தேதி. அப்பா வருவாங்கள்ல?"

"வருவாங்கண்ணே."

"ஒடம்ப பாத்துக்கச் சொல்லுங்க."

எதிராளியிடம் இவ்வளவும் பேசினவர், என் பக்கம் திரும்பவில்லை. கிளட்ச் கேபிள் தொங்கிக்கொண்டிருந்த மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டே போனார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பட்டறைக்கு. இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் கையில் ஸ்பேனரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. பொங்கலன்று உங்களில் பெரியவளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். பெரியப்பா என் இலையைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவிடம் சொன்னார்: "ஏம்மா, ஒங்க வூட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு." நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா என்னிடம், "வேணுமா?" என்றாள். "வேணும்" என்றேன். "வேணுமாம்" என்றாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. அப்பா போனபிறகு எனக்கு எல்லாம் அவர்தான். அவர் என்னை அடித்துத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த ஒதுக்கம்தான் தாங்கவில்லை. மறுபடி அவர் வாயால் என்னை டேய் என்று கூப்பிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காகக் கார் வேலையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. விட்டிருந்தால் அவர் பேசியிருக்கலாம். ஒப்புக்கொண்ட வேலையை நடுவில் விடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசைதான் முக்கால் பங்கு.

முதலில் சூப்பர்சார்ஜரை இன்ஜின் பக்கத்தில் நிறுத்த ஒரு தாங்கி வேண்டும். பத்து எம்எம் தகட்டில் அட்டை வைத்து வரைந்து, அறுத்து, ஓட்டை போட்டு, மூன்று தாங்கி வீணானது. நாலாவது நின்றது. அப்புறம் பெல்ட் ஓடுகிற சக்கரம், அதாவது புல்லி. இன்ஜின் பக்கத்துப் புல்லி பெரிதாக இருந்தால்தான் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும். லேத் பட்டறைக்காரர் நான் கொடுத்த அளவைப் பார்த்துவிட்டு, "என்னாய்யா, காரு வெச்சு நெல்லு தூத்தப் போறியா?" என்றார். கடைந்து மாட்டினால் பெல்ட் கீச்சென்று கத்தியது. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கொத்தனார் நூலைக் கட்டிப் பார்த்தோம். ஒரு ரூபாய்க் காசு கனம்தான் வித்தியாசம். அந்தக் காசு கனத்தைச் சரிசெய்ய எட்டு நாள் ஆனது.

இளையவர் தினமும் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார். நானும் அவரும் ஒரே காரின் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படுத்திருப்போம். முகம் முழுக்க கிரீஸாக அவரைப் பார்த்தால், ரோட்டில் போகிறவர்கள், "புது ஆளா வெச்சிருக்கியா?" என்று என்னிடம் கேட்பார்கள். "ஆமா, சம்பளம் கேக்காத ஆளு" என்பேன். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

காற்றுக்குழாய்க்கு நல்ல ஹோஸ் கிடைக்கவில்லை. நான் கைக்கு வந்ததை, பம்புசெட் ஹோஸை வெட்டி மாட்டினேன். ஆக்சிலேட்டரை முடுக்கினதும் அது எலியை விழுங்கின பாம்பு மாதிரி நடுவில் உப்பியது. "அண்ணே, இது எப்ப குட்டி போடும்?" என்றார். லாரி ஹோஸுக்கு மாறினோம். இன்டர்கூலரை ஒரு பழைய டீசல் வேனிலிருந்து எடுத்தோம். அகலம் அதிகம். திருச்சிக்குக் கொண்டுபோய் வெட்டி, ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டிக்கொண்டு வந்தோம். பஞ்சர் பார்க்கிற மாதிரி, வாயை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர் டிரம்மில் முக்கிப் பார்த்தேன். ஒரு காற்றுக் குமிழிகூட வரவில்லை.

அதைக் காரின் மூக்கில், பம்பருக்குக் கீழே தாழ்வாக வைத்தேன். அங்கேதான் எதிர்க்காற்று நன்றாக அடிக்கும். முன்னால் இருந்த பிளாஸ்டிக் வலை காற்றை மறிக்கிறதே என்று அதையும் கழற்றி எறிந்தேன்.

"அண்ணே, வலை இல்லாம கல்லு அடிச்சா?"

"நம்ம பக்கம் ஏது கல்லு தம்பி? எல்லாம் வண்டலு. கல்லு வேணும்னா புதுக்கோட்டைக்குத்தான் போவணும்."

அவரும் ஒத்துக்கொண்டார். இரண்டு பேருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே.

பங்குனி பிறந்து ஒரு வாரம். அவர் பெங்களூருக்குத் திரும்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு மேல் வண்டியை வெளியே எடுத்தோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து காற்றழுத்த மீட்டரைப் பார்த்தேன். மெயின் ரோட்டில் கூட்டம் என்று, நம் ஊருக்குப் போகிற வாய்க்கால் கரை ரோட்டில் திருப்பினோம். நேரான ரோடு. ஆக்சிலேட்டரை அழுத்தினதும் விசில் மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. முள் நகர்ந்து ஐந்து பவுண்டில் நின்றது. சைக்கிள் டயருக்கு அடிக்கிற காற்றில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஐந்து பவுண்டுக்கே சீட்டு என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. ஒருவரை ஒருவர் பார்த்து இளித்துக்கொண்டே போனோம்.

வளைவு தாண்டினதும் ரோட்டின் ஒரு பாதி முழுக்க உளுந்துச் செடி விரித்துக் கிடந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். நெல் அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்துவிடுகிற உளுந்து, பங்குனியில் பறிப்புக்கு வரும். செடியைக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறிக் காய் வெடித்து மணி உதிர்ந்துவிடும். இளையவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். நான்தான், "மேல ஏத்துங்க தம்பி. ஏத்தாம ஒதுங்கிப் போனாத்தான் திட்டுவாங்க" என்றேன். ஏற்றினார். முன்னால் ஒரு மினி லாரி வேறு போய்க்கொண்டிருந்தது. அது கிளப்பின தோலும் சருகும் புகைபோல எங்கள் மேல் வந்தன. எங்கள் வண்டியின் மூக்கோ தாழ்வு, செடியை வாரிக்கொண்டே போனது. அடுத்து இன்னொரு விரிப்பு. அதற்கடுத்து இன்னொன்று. மூன்றும் தாண்டி ரோடு காலியானதும் அவர் மறுபடி அழுத்தினார்.

விசிலுக்குள் வேறு ஒரு சத்தம் கேட்டது. கூழாங்கல் உருள்கிற சத்தம்.

"தம்பி, கால எடுங்க! எடுங்க!"

அவர் எடுப்பதற்குள் டப்பென்று ஒரு வெடி. சூட்டில் இளகிய ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்ஜின் அணைந்தது. ரேடியேட்டர் பக்கமிருந்து ஆவி கிளம்பியது. வண்டி தானாக உருண்டு போய், நாலாவது விரிப்பின் நட்டநடுவில் நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கையில் கம்போடு உங்கள் பெரியம்மா. அவளுக்குப் பின்னால், தலையில் துண்டோடு பெரியப்பா. கேஸில் இருக்கிற அதே ஆறு மாவில் விளைந்த உளுந்தின் மேல், கேஸ் போட்டவர் மகனின் கார். உள்ளே நான்.

"அட, நம்ம தம்பி! என்னா தம்பி வண்டி இந்தப் பொகை பொகையுது?" என்றாள் பெரியம்மா என்னிடம்.

பெரியப்பா கார்க்காரரிடம் மட்டும் பேசினார். "என்னா தம்பி, நின்னுபோச்சா?"

"ஆமாண்ணே. சூடாயிடுச்சு."

"எப்பக் கெளம்பும்னு ஒங்க மெக்கானிக்கக் கேளுங்க."

இளையவர் என்னைப் பார்த்தார். "எப்பண்ணே கெளம்பும்?"

"ஒரு மணி நேரமாச்சும் ஆறணும்."

"ஒரு மணி நேரம் ஆகுமாம்ண்ணே."

"அவரு பேசுறது என் காதுலயும் வுழுவுது தம்பி. நீங்க செரமப்படாதீங்க."

நான் இறங்கிப் போய் வண்டியின் முன்னால் குந்தினேன். இன்டர்கூலரின் தகடே தெரியவில்லை. உளுந்துத் தோலும் சருகும் இடுக்கெல்லாம் அடைந்து, சாணி மெழுகின தட்டி மாதிரி இருந்தது. காற்று எங்கே புகும்? ஆற்ற வைத்த பெட்டி அடைபட்டு, பின்னாலிருந்த ரேடியேட்டரும் மூச்சுத் திணறிவிட்டது. பெரியப்பாவும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இளையவரிடம் சொன்னார்:

"காத்து எப்புடிப் போவும் எப்புடி வரும்னு மூணு மாசமா ஆராய்ச்சி பண்ணாங்களாம். பங்குனி மாசம் ரோட்டுல என்னா கெடக்கும்னு பாக்கலையா? இதுல உழுத வூட்டுப் புள்ள வேற."

பட்டறைக்குள்ளேயே கிடந்ததில் எனக்கு மாதமே மறந்துபோயிருந்தது. கல் வரும் என்று யோசித்தவன் உளுந்து வரும் என்று யோசிக்கவில்லை.

அதற்குள் பெரியம்மா வானத்தைக் காட்டினாள். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. அவர்கள் மூன்று மணி பஸ்ஸை நம்பித்தான் விரித்திருந்தார்கள். பாதிக் காய்கூட இன்னும் வெடிக்கவில்லை. நனைந்தால் மணி கறுத்துவிடும், முளைவிட்டுவிடும். கேஸ் தொடங்கினபிறகு எடுக்கிற முதல் உளுந்து அது. கோர்ட்டில் நாளைக்குக் கேட்டால், இதோ விளைவித்தேன், வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று அவர் காட்ட வேண்டியதும் அதுதான்.

பஸ்ஸும் வந்தது. கார் மறித்து நின்றதால் டிரைவர் ரோட்டின் மறுபாதியில் ஏற்றினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க பஸ்ஸெல்லாம் ஒங்களுக்கு ஆவாதா? காரு வெச்சு அடிக்கிறீங்க, பெரிய பண்ணைதான்!" என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த பஸ் ஐந்தரைக்கு.

பெரியப்பா துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது தள்ளுனா உருளுமா?"

"நல்லா உருளும்ண்ணே."

"அப்பத் தள்ளுங்க. இப்புடி ஒரு வாட்டி, அப்புடி ஒரு வாட்டி. பஸ்ஸு பண்ற வேலைய இது பண்ணட்டும்."

இளையவர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். அப்புறம் ஷூவைக் கழற்றி ரோட்டோரம் வைத்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். "நீங்க உள்ள ஒக்காந்து ஸ்டீயரிங்கப் புடிங்கண்ணே. நாங்க ரெண்டு பேரும் தள்ளுறோம்."

"நானா?"

"மூணு நாளா கட்டு தூக்கித் தோளு வலிங்கிறீங்கல்ல, ஏறி ஒக்காருங்க" என்று பெரியம்மா தள்ளினாள். பெரியப்பா துண்டால் பாதத்தைத் தட்டித் துடைத்துவிட்டு ஏறினார். அந்த வீட்டு வண்டி எதிலும் நம் ஆட்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. ஸ்டீயரிங்கை மேழி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தள்ளினோம். முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால். சக்கரம் ஏறுகிற இடமெல்லாம் பொரி பொரிகிற மாதிரி காய் வெடித்தது. பெரியம்மா கம்பால் செடியைப் புரட்டிப் புரட்டி சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். அடுத்த விரிப்புக்காரப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார்கள். "அங்க முடிச்சுட்டு இங்கயும் ஒரு நட வாங்கய்யா, பெட்ரோல் செலவு இல்லாத வண்டி!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

இளையவருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, அஞ்சு பவுண்டு பத்தாதுண்ணே" என்றார் என்னிடம். நான் சிரித்ததில் தள்ளுகிற பிடி விட்டுப்போனது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, பின்பக்கமாகத் தள்ளும்போதுதான் அது நடந்தது. விரிப்பு முடிகிற இடத்தில் ரோடு மதகை நோக்கிக் கொஞ்சம் சரியும். நாங்கள் முன்பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்தோம். உதிர்ந்த உளுந்துமணி காலுக்கடியில் உருண்டு இளையவர் பொத்தென்று உட்கார்ந்தார். வண்டி எங்கள் கையை விட்டுப் போனது. நான் ஓடிப்போய் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துத் தொங்கினேன். வண்டிக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. பின்னால் வாய்க்கால் சரிவு. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஆனால் ஆள் உயரப் பள்ளம். பெரியப்பா முதலில் இளையவர் இருந்த பக்கம் பார்த்தார். அவர் கீழே கிடந்தார். பெரியம்மா தூரத்தில் இருந்தாள். கேட்டுச் சொல்ல வேறு ஆள் இல்லை.

"டேய்! பிரேக்கு எதுடா?"

"நடுவுலண்ணே! நடுவுல உள்ளத மிதிண்ணே!"

இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும். இரண்டு காலையும் சேர்த்து ஏறி மிதித்தார். கார் குலுங்கி நின்றது. பின்சக்கரத்துக்கும் சரிவுக்கும் ஒரு சாண் இருக்கும்.

பெரியப்பா காலை எடுக்காமல், ஸ்டீயரிங்கை விடாமல், என்னைப் பார்த்தார்.

"எவன்டா இத நடுவுல கொண்டாந்து வெச்சான்?"

"பேசிட்டாரு! பேசிட்டாரு!" என்று பெரியம்மா கம்பை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

"வாய் தவறி வந்துடுச்சு" என்றார் பெரியப்பா. கதவைத் திறந்து இறங்கினார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மரமாட்டம் நிக்கிற. மொறத்த எடுடா, மேகம் வந்துடுச்சு" என்றார்.

மூன்று மாதத்து டேய் எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது எனக்கு. முறத்தை எடுத்தேன். சக்கரத்துக்குக் கல் கிடைக்காமல் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, இளையவர் செடியை உதறி ஒதுக்கினார். மழைக்கு முந்தின காற்று நல்ல வேகமாக அடித்தது, தூற்றுவதற்கென்றே வந்த மாதிரி. முதல் தூறல் விழும்போது கடைசி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். இளையவர் ஒரு மூட்டையைத் தூக்க முயன்றார், முடியவில்லை. பெரியப்பா மறுமுனையைப் பிடித்தார். அந்த ஆறு மா உளுந்தை அவர்கள் இரண்டு பேருமாகத்தான், ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். அதனால் கேஸ் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். மறு வாரமே தேதி வந்தது, இவர் பஸ் ஏறினார், அவர் அப்பாவும் வந்தார். இன்னும் பல வருஷம் இழுத்து, கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது.

கிளம்புமுன் பெரியப்பா இன்டர்கூலருக்கு முன்னால் இன்னொருதடவை குனிந்தார். ஒரு ஈர்க்குச்சியால் இரண்டு இடுக்கைக் குத்திச் சுத்தம் செய்து பார்த்தார்.

"இதுக்குள்ள காத்து போனாப் போதுமா?"

"போதும்ண்ணே."

"அப்ப வூட்டுல பிஞ்ச சல்லட ஒண்ணு கெடக்கு. அத வெட்டி முன்னால கட்டுடா. நாங்க சலிக்காம எதையாச்சும் உள்ள வுடுறமா?"

பெரியம்மா மறுநாள் காலையில் அந்தச் சல்லடையைக் கொடுத்தனுப்பினாள். கம்பி வலை, அளவான கண். வளையத்திலிருந்து பிரித்து, பம்பர் அளவுக்கு வெட்டி, ஓரத்தை மடித்து, நாலு ஸ்க்ரூவில் மாட்டினேன். இன்டர்கூலரை இறக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஒரு முழு நாள் காயவைத்தேன். ஹோஸுக்கு இரட்டைக் கிளிப் போட்டேன். ரேடியேட்டரையும் ஊதினேன்.

அடுத்த நாள் இளையவருக்குத் தஞ்சாவூரில் ஏதோ வேலை. ஓட்டிப் பார்த்து வையுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் நான் தனியாக வண்டியை எடுத்தேன். அதே வாய்க்கால் கரை ரோடு. யாருடையதோ தெரியவில்லை, ஒரு விரிப்பு கிடந்தது. சாப்பிடப் போயிருப்பார்கள், பக்கத்தில் ஆள் இல்லை. அதன்மேல் மெதுவாக ஏற்றி, முழு நீளமும் ஓட்டி, தாண்டி ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். சல்லடையின் வெளிப்பக்கம் தோல் அப்பியிருந்தது, கையால் வழித்ததும் விழுந்துவிட்டது. உள்ளே தகடு பளபளவென்று இருந்தது.

திரும்பி உளுந்தைப் பார்த்தேன். ஒரு ஓரம் இன்னும் வெடிக்காமல் காயோடு கிடந்தது. ஏறி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பி, அந்த ஓரமாகச் சக்கரம் படும்படி இன்னொரு தடவை ஓட்டினேன்.